பவுனம்மாள் கொடுத்த சங்கிலி

அத்தியாயம் 11

மூன்று வாரமாகப் புஷ்பவல்லி ஒரு வாய்ச் சோற்றை உட்கார்ந்து தின்றதில்லை. முதலில் மூத்தவள் தங்கமணிக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அவள் கன்னம் வற்றி எழுந்து நடமாடிய அன்றைக்கே கடைக்குட்டி கன்னையாவுக்கு இரண்டு பக்கமும் வீங்கியது. அவனும் தேறி, வீட்டில் மறுபடி தாளிக்கிற வாசனை கிளம்பிய வேளையில், நடுவில் இருக்கிற ஆறு வயது விஜயன் தொண்டை வலிக்கிறது என்று பாயில் சுருண்டான். பிள்ளைகள் மூன்று பேரும் கூடிப் பேசி, முறை வைத்துக்கொண்டு படுக்கிறார்களோ என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை.

இதற்கெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்தில் ஒரே வைத்தியம்தான். எந்தப் பிள்ளைக்குக் கழுத்து வீங்கினாலும், மஞ்சள் பற்றுப் போடுவதற்கு முன்பே ஆள் போய் நிற்கிற இடம் பவுனம்மாள் வீட்டு வாசல்.

பவுனம்மாள், புஷ்பவல்லியின் கணவன் இராமலிங்கத்துக்கு அண்ணி. அடுத்த வீட்டுக்காரி. அவள் கணவர் பக்கிரிசாமிக்குக் கிள்ளானுக்கு அந்தப் பக்கம், துறைமுகத்துச் சாமான் கொட்டகையில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடிகாலை வண்டிக்குப் போய்விடுவார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. அவளிடம் இருந்தது ஒற்றை வடச் சங்கிலி ஒன்று, அதில் தொங்குகிற காசு ஒன்று. பொன்னைக் கழுத்தில் போட்டால் வீக்கம் வற்றும் என்பது எல்லோரும் அறிந்தது. லயத்தில் பொன் என்று சொல்லிக்கொள்ள அந்தச் சங்கிலியை விட்டால் வேறு ஏது?

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. மூன்று ராத்திரி கழுத்தில் கிடக்க வேண்டும். அதற்கு முன் பவுனம்மாள் கையைத் தவிர வேறு கை அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் வீக்கம் மறுபக்கம் ஏறும். இதை யார் எழுதி வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். லயத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், உங்களையே ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அந்தச் சங்கிலி விஜயன் கழுத்திலும் ஏறியது. அது வரைக்கும் போன வாரம் பார்த்தோம். இனி வியாழக்கிழமை.

*

விடிகிற நேரம். இராமலிங்கம் யார்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ரயில்வே யார்டில், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. ஆறு மணிக்கு லிவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

"இங்க வந்து இவனக் கொஞ்சம் பாருங்க," என்றாள் புஷ்பவல்லி.

"நேத்தே பாத்தேனே. ரெண்டு நாள்ல வத்திரும்."

"காய்ச்சல் அவ்வளவா இல்ல. ஆனா மூஞ்சி வெளுத்துப் போயி கெடக்கு. தங்கமணிக்கு ஒடம்பு அனலா கொதிச்சுது, கத்தி ஊரக் கூட்டினா. இவன் கத்தவே மாட்டேங்கிறான்."

"கத்தலன்னா நல்லதுதானே."

அந்தப் பதிலுக்குக் கையில் இருந்த காப்பியை அவன் தலையில் ஊற்றியிருக்கலாம். புஷ்பவல்லி ஊற்றவில்லை. அவன் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வரேன் என்று நடையைக் கட்டினான். சாயங்காலமாம்.

விஜயன் சங்கிலியின் காசை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே படுத்திருந்தான். ராத்திரி முழுக்க அப்படித்தான். எடுத்துவிட எடுத்துவிட மறுபடி வாய்க்குள் போனது. கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது.

சற்றைக்கெல்லாம் பவுனம்மாள் நொய்க் கஞ்சியோடு வந்தாள். பிள்ளையைத் தன் மடியில் சாய்த்து, காசை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கரண்டியால் ஊட்டினாள்.

"என் ராசா, இந்த ஒரு வாய் மட்டும்."

இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய் வெளியே வந்தது. நாலாவதுக்கு அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். பவுனம்மாள் கிண்ணத்தில் இருந்த மிச்சத்தை அதே கரண்டியால் தானே குடித்தாள். மூன்று நாளாக அப்படித்தான் செய்கிறாள். தங்கமணி குழந்தையாக இருந்ததிலிருந்தே அந்த வீட்டுப் பிள்ளைகள் வைக்கிற மிச்சம் அவளுக்குத்தான். பிள்ளை எச்சில் என்ன செய்யும் என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு, அதைப் புஷ்பவல்லி ஒருநாளும் தடுத்ததில்லை.

"பெரியம்மா," என்றான் விஜயன். குரல் அவன் குரலாக இல்லை. மூக்கை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி வந்தது.

புஷ்பவல்லிக்குப் போன வாரம் கன்னையாவைப் பார்க்க வந்தபோது டிரஸ்ஸர் ராதாகிருஷ்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கிற டிரஸ்ஸர், லயத்துக்கு அடுத்த தெருவில் இருக்கிறவர். அதிகம் பேசாத மனிதர், அன்றைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"பொன்னுக்கு வீங்கின்னா வீக்கம் காதுக்கு முன்னாலயும் கீழயும் இருக்கும்மா. காது மடலத் தூக்கிக் காட்டும். நாக்குல புளிப்பு பட்டா அந்த எடத்துல சுருக்குன்னு வலிக்கும். தொண்டைக்குள்ள ஒண்ணும் தெரியாது. எப்பவாச்சும் தொண்டைல வெள்ளையா படிஞ்சிருந்தா அது வேற சங்கதி. அப்ப அரை நாள்கூட வீட்ல வெச்சுக்கிட்டு இருக்காதீங்க."

அவள் துளிப் புளியை எடுத்து விஜயன் நாக்கில் தடவினாள். இதே புளிக்குத் தங்கமணி துள்ளிக் குதித்தாள். விஜயன் முகத்தைச் சுளித்ததோடு சரி, காதுப் பக்கம் கை போகவில்லை. மஞ்சள் பற்றுக்கு மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். வீக்கம் காதோரம் இல்லை. தாடைக்குக் கீழே, கழுத்தை நிறைத்துக்கொண்டு இருந்தது.

"இப்ப எதுக்கு அவனப் போட்டு நோண்டுற?" என்றாள் பவுனம்மாள்.

புஷ்பவல்லி அவனைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வெளிச்சத்துக்குப் போனாள். கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தினாள். முதலில் வந்தது நாற்றம். பூச்சாடியில் பழைய தண்ணீர் கிடந்து அழுகின வாடை. பிறகு பார்த்தாள். உள்நாக்கை ஒட்டி இரண்டு பக்கமும், சாம்பல் கலந்த வெள்ளையில், தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. பாலாடையாக இருக்கும் என்று நினைத்தாள். நேற்றிலிருந்து அவன் பாலே குடிக்கவில்லை. விரலில் துணியைச் சுற்றி மெல்லத் தொட்டாள். அது வரவில்லை, தொட்ட இடத்தில் ரத்தம்தான் கசிந்தது.

"அக்கா, இது பொன்னுக்கு வீங்கி இல்ல."

"அந்த டிரஸ்ஸர் வந்துட்டுப் போனதுலருந்து ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

"நீங்களே வாய்க்குள்ள பாருங்க."

"நான் பாக்க மாட்டேன். சீக்காக் கெடக்குற புள்ள வாய்க்குள்ள கரண்டிய விட்டுக் கிண்டுறதுக்குப் பேரு வைத்தியமா? ஒரு ராத்திரிதான் ஆச்சு. மூணு ராத்திரி போகட்டும். அப்புறம் எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போ."

"மூணு ராத்திரி இவன் இருப்பானான்னே தெரியல. ஆஸ்பத்திரில கழுத்தப் பாக்கணும்னுவாங்க. கழட்டுங்க அக்கா."

"கழட்ட மாட்டேன்."

"அப்ப நான் கழட்டுறேன்."

புஷ்பவல்லி கொக்கியில் கை வைத்தாள். பவுனம்மாள் அந்தக் கையைப் பிடித்தாள். "நான் போட்டது. ஒன் கை படக் கூடாது. என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா என்னடி பண்ணுவ?"

"ஒங்க புள்ளையா? பெத்திருந்தா தெரியும் ஒங்களுக்கு."

சொல்லிவிட்டாள். அந்த வீட்டுக்கு வாழ வந்த பதினோரு வருஷத்தில் கோபத்தின் எந்த எல்லையிலும் வராத வார்த்தை, அன்றைக்குக் காலையில் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனால் பிள்ளை மடியில் கிடந்து மூச்சுக்குத் திணறுகிறது. மன்னிப்புக் கேட்க அப்போது நேரம் இல்லை.

பவுனம்மாளின் கை தளர்ந்தது. புஷ்பவல்லி கழற்றிக் கொடுத்த சங்கிலியை வாங்கி, காசின் ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். விஜயனை ஒரு பார்வை பார்த்தாள். தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

*

வேறு நாளாக இருந்தால் புஷ்பவல்லி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மற்ற இரண்டு பிள்ளைகளையும் பவுனம்மாள் பார்த்துக்கொள்வாள். இன்றைக்கு எந்த வாயோடு கூப்பிடுவது?

"தங்கமணி, தம்பிய வெளிய விடாத. விஜயன் பாய் கிட்ட ரெண்டு பேரும் போகாதீங்க. அவன் டம்ளரத் தொடாதீங்க. நான் வந்துடறேன்."

டிரஸ்ஸர் வீட்டுக்கு ஓடினாள். பூட்டியிருந்தது, டூட்டிக்குப் போய்விட்டார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, கூடவே கழுத்துக்கு வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாயா என்றும் கேட்டாள். குழாயடியில் நின்ற இன்னொருத்தி, சங்கிலி போட்டாச்சா என்று கேட்டாள். அன்றைக்குக் காலையில் லயத்தில் யோசனை சொல்லாதவர்கள் யாரும் இல்லை. அந்தப் பிள்ளையின் வாய்க்குள் பார்த்தவள்தான் ஒருத்திக்கு மேல் இல்லை.

ரிக்‌ஷா கிடைத்து, ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சீட்டு எழுதுகிறவர் நல்ல மனிதர்தான். விஜயன் கழுத்தில் அப்பியிருந்த மஞ்சள் பற்றைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பொன்னுக்கு வீங்கியா? இதுக்குப் போயி வெயில்ல தூக்கிட்டு வந்தீங்களாம்மா? வீட்லயே படுக்க வைங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. கஞ்சி, பால், மெல்லாம முழுங்குற ஆகாரமா பாத்துக் குடுங்க. புளிப்பு வேண்டாம். மூணு வாரம் பள்ளிக்கூடம் அனுப்பாதீங்க, மத்த புள்ளைங்களோட சேர விடாதீங்க."

அத்தனையும் சரி. வேறு நோய்க்குச் சரி. தங்கமணிக்கும் கன்னையாவுக்கும் அவள் செய்ததே அதுதான்.

"ஐயா, இது அது இல்ல. தொண்டைக்குள்ள..."

"அடுத்தவங்க வாங்க."

புஷ்பவல்லிக்கு அழுகை முட்டியது. வீட்டில் கேட்கவில்லை, புருஷன் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை. தன்னுடைய வாயில் வருவதெல்லாம் ஏன் எவர் காதிலும் ஏறுவதில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மரத்தடிக் குழாய்க்குப் போனாள். முந்தானையை நனைத்து அந்த மஞ்சளை முழுக்கத் துடைத்தெடுத்தாள். வீட்டில் அக்கறையாகப் பூசிய பூச்சுதான் எல்லார் கண்ணையும் மறைத்தது. திரும்பி வந்து, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுப்பதைப் பொருட்படுத்தாமல், மேஜைக்கு முன் போய் நின்றாள்.

"வாயைத் தெற கண்ணு. நல்லாத் தெற."

விஜயன் திறந்தான். அந்த வாடை மேஜையைத் தாண்டிப் போனது. சீட்டு எழுதுகிறவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது.

*

"தொண்டை அடைப்பான்," என்றார் ராதாகிருஷ்ணன். டாக்டர் உள்ளே இருந்தார். டிரஸ்ஸர் வெளியே வந்து அவளிடம் பேசினார். "ஊசி போட்டாச்சு. குதிரை ரத்தத்துலருந்து எடுக்குற மருந்து. எத்தன நாளா வலின்னான்?"

"இன்னைக்கு மூணாவது நாள்."

"ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது."

"பொழச்சிடுவானா ஐயா?"

"இன்னைக்கும் நாளைக்கும் மூச்சப் பாக்கணும். அந்தத் தோலு உரிஞ்சு வந்துட்டா பயம் கொறையும். அதுக்கப்புறம்தான் உங்களுக்கு வேலை. நல்லாயிட்டேன்னு எந்திரிச்சு ஓடப் பாப்பான். விடக் கூடாது. பல வாரம் படுத்த படுக்கைதான். தலகாணிய ஒசத்திக்கூட வைக்காதீங்க. இந்த நோய் போனப்புறமும் இதயத்தப் புடிச்சுக்கும்."

உள்ளே விட மாட்டார்கள். சன்னல் வழியாகப் பார்க்கலாம். பார்த்தாள். வெள்ளைத் துணிக்கு நடுவில் அவன் தலை மட்டும் தெரிந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை டிரஸ்ஸர்தான் கூப்பிட்டார்.

"மத்த ரெண்டு பேரையும் இன்னைக்கே கூட்டியாங்க. அவங்களுக்கும் ஊசி போடணும். இவன் தட்டு, டம்ளர், கரண்டி, எல்லாத்தையும் கொதிக்க வைங்க. துணிமணியத் தனியா மருந்துத் தண்ணியில ஊற வைங்க, குடுத்தனுப்புறேன். இவன் எச்சில யாராச்சும் சாப்பிட்டாங்களா? பெரியவங்களுக்கும் வரும், கொறைவுதான்."

"புள்ளைங்க யாரும் சாப்பிடலைங்க."

"வாய்ல வெச்ச சாமான் வேற ஏதாவது? பொம்மை, விசில், அந்த மாதிரி?"

"இல்லீங்க. அவன்கிட்ட பொம்மை ஏது..." என்றவள் நின்றாள். "காசு."

"என்ன காசு?"

சொன்னாள். ராத்திரி முழுக்க அவன் சப்பியதைச் சொன்னாள். காலையில் தானே கழற்றிக் கொடுத்ததையும் சொன்னாள்.

டிரஸ்ஸர் கடிகாரத்தைப் பார்த்தார். "அது அடுத்த புள்ள கழுத்துக்குப் போறதுக்குள்ள போங்கம்மா."

*

வழியில் யார்டு கேட்டில் சொல்லி அனுப்பியதில் இராமலிங்கம் அவளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். முகம் காய்ந்து போயிருந்தது.

"நான் காலைல பாத்திருக்கணும், புஷ்பா."

"ஆமா. பாத்திருக்கணும்." ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் இல்லை. தங்கமணியையும் கன்னையாவையும் வெளிச்சத்தில் நிறுத்தி, வேறு கரண்டியால் இரண்டு பேர் தொண்டையையும் பார்த்தாள். சிவப்பு இல்லை, வெள்ளை இல்லை. "ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குதிரை ரத்தத்துல ஊசி போடுவாங்க."

"குதிரை ரத்தமா?"

"குதிரையோ கழுதையோ, போடச் சொல்லுங்க. போங்க."

அவர்கள் போனதும் பவுனம்மாள் வீட்டுக் கதவைத் தள்ளினாள். பவுனம்மாள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"அக்கா, சங்கிலி எங்க?"

பவுனம்மாள் சுவரோரம் இன்னும் ஒதுங்கிப் படுத்தாள்.

"அக்கா, என் மேல இருக்குற கோவத்த அப்புறம் வெச்சுக்குங்க. சங்கிலி எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"பெத்தவளுக்கு எதுக்கு என் சங்கிலி?" சுவரிடம்தான் சொன்னாள்.

"விஜயனுக்குத் தொண்டை அடைப்பான். ஊசி போட்டிருக்காங்க. என்னையே உள்ள விட மாட்டேங்கிறாங்க. அந்தக் காச அவன் ராத்திரி பூரா சப்பினான். அதுல இருக்குற எச்சில் இன்னொரு புள்ள வாய்க்குப் போனா அதுக்கும் இதே கதிதான்."

பவுனம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கண் வீங்கியிருந்தது. அழுதே கிடந்திருக்கிறாள்.

"பொழச்சிடுவானா?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"நான் பாக்க மாட்டேன்னு சொன்னேனே," என்றாள் பவுனம்மாள். "வாயைப் பாருங்கன்னு நீ சொன்ன, நான் மாட்டேன்னேன்." அவிழ்ந்த முடியைச் சுருட்டிக் கட்டினாள். "கடைசி வீட்டு மாரியாயி வந்தா, பதினோரு மணிக்கு. அவ தங்கச்சி இராஜம்மா கிள்ளான் பக்கம் பண்டமாரான்ல இருக்காளே, அவ மகனுக்குக் கழுத்து வீங்கிருக்காம். நானே வர்றேன்னு சொல்லியிருப்பேன் எப்பவும். இன்னைக்கு எனக்கு எந்தப் புள்ளையையும் பாக்கப் புடிக்கல. சங்கிலிய அவ கையிலயே குடுத்து நீயே போட்டு விடுன்னுட்டேன். ஒரு மணி வண்டிக்குப் போயிட்டா."

சங்கிலி பண்டமாரானுக்குப் போய்விட்டது. அதை அனுப்பி வைத்தது புஷ்பவல்லி காலையில் சொன்ன அந்த ஒரு வார்த்தை. வேறு யாரைத் திட்டுவது?

*

ஐந்து மணிக்கு இராமலிங்கம் பிள்ளைகளோடு திரும்பினான். கன்னையா ஊசி போட்ட தொடையைத் தொட்டுத் தொட்டு அழுதான். விஷயத்தைக் கேட்டதும் இராமலிங்கம், "ஸ்டேஷன்லருந்து அண்ணனுக்குச் சொல்லச் சொல்றேன். அண்ணன் போயி வாங்கிட்டு வந்துருவாரு," என்றான்.

"குடுக்க மாட்டா," என்றாள் பவுனம்மாள். அதற்குள் முகம் கழுவி, வேறு புடவை கட்டியிருந்தாள். "மூணு ராத்திரி ஆகல. அவரு என்ன, கவர்னரே வந்து கேட்டாலும் மாரியாயி கழட்ட விட மாட்டா. நான்தானே சொல்லி வெச்சிருக்கேன் அப்படி. நான் போனாத்தான் ஆகும்."

"தனியாவா அண்ணி?"

"அவரக் கிள்ளான் ஸ்டேஷன்ல வந்து நிக்கச் சொல்லு. இராஜம்மா வீட்ட அவருக்குத் தெரியும்."

"நானும் வரேன் அக்கா," என்றாள் புஷ்பவல்லி.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. சன்னல்லயாச்சும் நின்னு அவன் கண்ணுல படு." பவுனம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தாள். "பெத்தவதான் போகணும்னு ஒண்ணும் இல்லையே. நான் போறேன்."

புஷ்பவல்லி ஓர் அடி முன்னால் வந்தாள். "அக்கா, காலைல நான்..."

"அத விடு. எப்படிப் பாக்கணும்னு சொல்லு."

ஆகவே புஷ்பவல்லி சொல்லிக் கொடுத்தாள். கரண்டியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், காம்பால் நாக்கை அழுத்த வேண்டும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டாமல் பிள்ளையை நிறுத்த வேண்டும். உள்நாக்குப் பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளை இருந்தால் துடைக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, விடிகிற வரை காத்திருக்கக் கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெள்ளை இல்லாவிட்டாலும் காசு வாயில் பட்டதைச் சொல்லி ஊசி கேட்க வேண்டும்.

"நாத்தம் வரும் அக்கா."

"வரட்டும்."

"சங்கிலியக் கழட்டினா மாரியாயி சண்டைக்கு வருவா."

"எஞ் சங்கிலியால ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொன்னா யாரு சண்டைக்கு வருவா?" என்றாள் பவுனம்மாள். பதினாறு வருஷமாக லயத்துத் தாய்மார்கள் அவள் வாசலில் வந்து நின்றதெல்லாம் அந்தச் சங்கிலிக்காகத்தான். இனி யார் வருவார்கள்? அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் வீட்டுக்குள் போய் ஒரு சில்வர் கரண்டியை எடுத்து வந்து, முந்தானை முனையில் முடிந்துகொண்டாள்.

*

கிள்ளான் வண்டி ஐந்தே முக்காலுக்கு. ஸ்டேஷனில் இராமலிங்கம் தந்திக்காரரிடம் பேசிவிட்டு, ஒரு ரொட்டியும் காப்பியும் வாங்கி வந்தான்.

"காலைலருந்து ஒண்ணும் சாப்பிடல அண்ணி. இதையாச்சும் சாப்பிடுங்க."

பவுனம்மாள் காப்பியை ஒரு மடக்குக் குடித்தாள். பிறகு டம்ளரை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "வேண்டாம்ப்பா. முழுங்கப் புடிக்கல."

இன்னும் கோபம் தணியவில்லை என்று புஷ்பவல்லி நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு நியாயம் இருந்தது. பெண்கள் பெட்டியில் பவுனம்மாள் சன்னலோரம் உட்கார்ந்தாள். தனியாக ரயிலேறுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் முந்தானை முடிச்சைப் பிடித்திருந்தாள்.

"விஜயன் கேட்டான்னா, பெரியம்மா காசு எடுக்கப் போயிருக்கான்னு சொல்லு," என்றாள்.

ஊதல் ஊதினார்கள். வண்டி நகர்ந்தது. இராமலிங்கம் கை காட்டினான். தங்கமணி பெட்டியோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"பெரியம்மாவுக்கும் ஊசி உண்டாம்மா?" என்று கேட்டாள் தங்கமணி.

"பெரியம்மாவுக்கு எதுக்கு?"

"அவங்கதானே விஜயனோட கஞ்சியக் குடிச்சாங்க. நேத்தும் குடிச்சாங்க, முந்தாநாளும் குடிச்சாங்க."

புஷ்பவல்லி டிரஸ்ஸர் கேட்ட கேள்வியை நினைத்தாள். யாராச்சும் எச்சில் சாப்பிட்டாங்களா என்றார். பிள்ளைகளை மட்டும் எண்ணிப் பார்த்து, இல்லை என்று சொன்னாள். விடிந்ததிலிருந்து அவள் மூன்று பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டாள். பவுனம்மாளுக்குக் கரண்டி பிடிக்கக்கூடச் சொல்லிக் கொடுத்தாள். அக்கா, நீங்க ஒருதரம் வாயைத் திறங்க என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை.

இராமலிங்கத்தின் கையில் அந்தக் காப்பி டம்ளர் இருந்தது. ஒரு மடக்குதான் குறைந்திருந்தது. மிச்சத்தை வீணாக்க வேண்டாமே என்று அவன் அதை வாய்க்குக் கொண்டுபோனான்.

புஷ்பவல்லி அதைத் தட்டிவிட்டாள்.